அங்கே உள்ள ஐந்தாவது குழி

பல் டாக்டர் தொழிலில் ஒரு சௌகரியம் உண்டு. எதிரே இருப்பவர் வாயைத் திறந்தே வைத்திருப்பார். ஆனால் பேச முடியாது. கன்னத்தில் பஞ்சு, நாக்கின் மேல் எச்சில் உறிஞ்சும் குழாய், கண்ணுக்கு நேரே விளக்கு. அந்த நிலையில் இருக்கும் மனிதரிடம் எதைச் சொன்னாலும் எடுபடும். இப்படிப் பல வருஷம் எதிர்ப்பேச்சே கேட்காமல் வாழ்ந்துவிட்ட நம் டாக்டருக்கு, ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மட்டும் நிலைமை தலைகீழாக இருந்தது. கோல்ஃப் கிளப்பில் பேசுகிறவர் சகலை. வாயைத் திறந்துகொண்டு கேட்க வேண்டியவர் டாக்டர்.

சகலை, அதாவது டாக்டர் மனைவியின் தங்கையைக் கட்டியவர், குளியலறைக் குழாய் வியாபாரி. அவரைக் கிளப்பில் சேர்த்துவிட்டதே டாக்டர்தான். பாசத்தால் அல்ல. தன்னைவிட மோசமாக ஆட ஒரு ஆள் பக்கத்தில் இருந்தால் தன் ஆட்டம் எடுப்பாகத் தெரியும் என்ற கணக்கு. முதல் வருஷம் கணக்குத் தப்பவில்லை. சகலை அடித்த பந்துகள் குளத்துக்குள் போயின, புதருக்குள் போயின. ஒருமுறை கிளப் சமையலறை ஜன்னல் வழியாகப் போய்ப் பாத்திரம் கழுவும் தொட்டியில் விழுந்தது. அன்று முழுக்க டாக்டர் முகத்தில் ஒரு களை. வீட்டுக்கு வந்து மனைவியிடம், "உன் தங்கச்சி வீட்டுக்காரர் பாவம், முயற்சி பண்றார்" என்று பரிவோடு சொன்னார்.

பிறகுதான் அந்த விபரீதம் நடந்தது. குழாய்க் கம்பெனி தன் வியாபாரிகளை வெளிநாட்டுக்குச் சுற்றுலா கூட்டிப்போனது. அங்கே கடலோரத்தில் பேர்போன ஒரு கோல்ஃப் மைதானம். ஒரு நாள் காலை சகலை அதில் ஓர் ஆட்டம் ஆடினார். ஒரே ஓர் ஆட்டம். அதுவும் மூடுபனியில், நீட்டிய கை தெரியாத மூடுபனியில் என்று அவரே சொன்னார். திரும்பி வந்தவர் அதற்கப்புறம் இங்கே ஆடவே இல்லை. உடம்பு இங்கே நிற்கும்; ஆட்டம் அங்கே நடக்கும்.

"அண்ணே, இந்த வளைவப் பாத்தா எனக்கு அங்க இருக்கற மூணாவது குழி ஞாபகம் வருது. அப்படியே இதே வளைவு. கடல் மட்டும் இல்ல."

அவர்கள் மைதானத்துக்கு இந்தப் பக்கம் சிமெண்ட் கிடங்கு, அந்தப் பக்கம் கழிவுநீர் இறைக்கும் நிலையம். மொத்தமே ஒன்பது குழிகள். அதில் கடல் ஒன்றுதான் குறை என்பது போலப் பேசினார் சகலை.

"காத்து அடிக்குது பாருங்க, இதே காத்துதான் அங்கயும். என்ன, அங்க உப்பு வாசனை வரும்."

"இங்க என்ன வாசனை வருதுன்னு தெரியுதில்ல?" என்றார் டாக்டர், இறைக்கும் நிலையத்தைப் பார்த்தபடி.

"மூக்க மூடிக்கிட்டா ரெண்டும் ஒண்ணுதான் அண்ணே!"

எல்லோரும் சிரித்தார்கள். டாக்டருக்கு அதுதான் பொறுக்கவில்லை. நகைச்சுவையை எடுத்துக் கொடுத்தது அவர்; சிரிப்பு முழுசும் சகலை கணக்கில் போய்ச் சேர்ந்தது.

கிளப் தலைவர் ஓய்வு பெற்ற ஜட்ஜ். பதவியில் இருந்தவரைக்கும் எவர் பேச்சையும் பாதியில் நிறுத்தியே பழகியவர். அப்பேர்ப்பட்டவரே சகலை பேசும்போது மட்டையை ஊன்றி நின்று முழுசாகக் கேட்டார். "அப்புறம்?" என்று வேறு கேட்டார். முன்பெல்லாம் டாக்டருடன் ஜோடி சேர்ந்தவர், இப்போது காரிலிருந்து இறங்கும்போதே, "எங்கய்யா நம்ம கடற்கரை ஆளு?" என்று தேடினார். டீ மேசையில் சகலைக்கு ஜன்னலோர நாற்காலி. டாக்டருக்குக் கை கழுவும் இடத்தை ஒட்டிய நாற்காலி. போகிறவர் வருகிறவரெல்லாம் அவர் தோளில் ஈரக்கையை உதறினார்கள்.

டாக்டருக்கு வயிறு எரிந்தது. பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே நெஞ்சுக்குக் கீழே புகைந்தது. மனைவி அதை வாயு என்று முடிவுகட்டி ஞாயிறுதோறும் மாத்திரை எடுத்து வைத்தாள்.

"வெறும் வயித்தோட போறீங்க, அதான்" என்றாள். "தங்கச்சி வீட்டுக்காரரப் பாருங்க, ரெண்டு வாழைப்பழம் சாப்பிட்டுட்டுத்தான் கெளம்புவாராம். அங்கெல்லாம் அப்படித்தானாம்."

"எங்கெல்லாம்?"

"அதான், அங்க."

வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது அந்த மைதானம்.

டாக்டருக்கென்று உலகத்தில் ஒரே ஒரு பெருமை இருந்தது. அது ஐந்தாவது குழியில் இருந்தது. பல வருஷங்களுக்கு முன்னால் அவர் அங்கே ஒரே அடியில் பந்தைக் குழிக்குள் போட்டார். ஹோல்-இன்-ஒன். கோல்ஃப் ஆடுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அது வாய்க்காமலே செத்துப்போகிறார்கள். குழிக்குப் பக்கத்தில் ஒரு கல், கல்லில் ஒரு பித்தளைத் தகடு, தகட்டில் அவர் சாதனை. ஒவ்வொரு ஞாயிறும் ஷூ லேஸ் கட்டுகிற சாக்கில் குனிந்து, கைக்குட்டையால் தகட்டுக்கு ஒரு துடைப்புப் போட்டுவிட்டுத்தான் நிமிர்வார். இந்தச் சாதனையைக் கிளப்பில் அவர் சுருக்கமாகச் சொல்வார்: "அடிச்சேன், விழுந்துச்சு." நோயாளிகளிடமும் உறவுக்காரர்களிடமும் சொல்லும்போது கதை கொஞ்சம் நீளும்.

கிளப்புக்கு ஐம்பதாவது ஆண்டு வந்தது. அதை முன்னிட்டு ஒரு குழியை மட்டும் புதிதாகக் கட்டலாம் என்று கமிட்டியில் பேச்சு. எதை எப்படிக் கட்டுவது என்று யாருக்கும் தெரியவில்லை. பிஸ்கட் தட்டு இரண்டு சுற்று வந்த பிறகு சகலை தொண்டையைச் செருமினார்.

"அங்க இருக்கற அஞ்சாவது குழியப் பத்திச் சொல்லட்டுமா?"

சொன்னார். நடுவில் தண்ணீர். தண்ணீருக்கு அந்தப்புறம், ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும் இரண்டு மரங்கள். குழியைச் சுற்றியுள்ள புல்தரை ஒரு பக்கம் மட்டும் மேடாக எழும்பி நிற்கும். அடித்த பந்து தண்ணீரைத் தாண்டி, மரங்களை உரசி, அந்த மேட்டில் விழும். ஒரு கணம் நிற்கும். யோசிக்கும். பிறகு மனசு மாறினாற்போல மெதுவாக உருண்டு குழியைப் பார்க்க இறங்கும். சொல்லி முடித்தபோது ஜட்ஜின் கையிலிருந்த பிஸ்கட் டீயில் ஊறி அறுந்து விழுந்திருந்தது.

"நம்ம அஞ்சாவதுலயும் குளம் இருக்கே" என்றார் ஜட்ஜ். "அதையே இடிச்சு இந்த மாதிரி கட்டிட்டா என்ன?"

"அந்தக் கல்லு?" என்றார் டாக்டர்.

"எந்தக் கல்லு?"

"தகடு வெச்ச கல்லு."

"ஓ, அதுவா! பேத்து எடுத்து ஆபீஸ் ரூம்ல எங்கயாவது வெச்சுக்கலாம்யா." அடுத்த மாதக் கூட்டத்தில் ஓட்டெடுப்பு என்று முடிவானது.

குழியே போய்விட்டால் ஹோல்-இன்-ஒன் எங்கே அடித்ததாகும்? இடிந்துபோன வீட்டுக்கு வாடகை கேட்பது போல ஆகிவிடாதா? டாக்டர் படுக்கையில் புரண்டார். அப்போதுதான் ஒரு சந்தேகம் முளைத்தது. நீட்டிய கை தெரியாத பனியில் இந்த ஆளுக்கு மரம் எப்படித் தெரிந்தது, மேடு எப்படித் தெரிந்தது? அந்தக் குழி பொய். நேரில் போய்ப் பார்த்து, படம் எடுத்து, கமிட்டி முன்னால் விரித்து வைத்து, சகலையின் மானத்தை வாங்கிவிட வேண்டியதுதான். அந்த ஊரிலேயே பல் வேர் சம்பந்தமாக ஒரு மாநாடு நடக்க இருந்தது. மனைவியிடம் மாநாடு என்றார். அங்கே போய் இறங்கியதும் மாநாட்டுக்காரர்களிடம் காய்ச்சல் என்றார்.

கூடப் படித்த ஈறு டாக்டரம்மாவும் மாநாட்டுக்கு வந்திருந்தாள். கோல்ஃப் ஆடுகிறவள் இல்லை. பல் வேரைப் பற்றிக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கு எதுவும் மேல் என்று மைதானத்துக்குக் கூடவே நடந்து வந்தாள்.

வானம் துடைத்து வைத்தாற்போல இருந்தது. கடல் இருந்தது, உப்பு வாசனை இருந்தது, புல் படிய வாரிய தலை மாதிரி இருந்தது. குறை சொல்ல வந்தவருக்கு முதல் குழியில் ஒன்றும் சிக்கவில்லை. ஆனால் அவருக்குள் வேறு ஏதோ நடந்தது. இரண்டாவது குழியின் திருப்பத்தில் நின்றபோது கண்ணுக்கு முன்னால் சிமெண்ட் கிடங்கின் தகரக் கூரை வந்து நின்றது. மணல் பள்ளத்தைப் பார்த்தால், ஊரில் எப்போதும் நாய் படுத்திருக்கும் மணல் பள்ளம். அலை உள்வாங்கும் சத்தம் இறைக்கும் நிலையத்து மோட்டார் மாதிரியே கேட்டது. இவ்வளவு தூரம் வந்தும் கண் இங்கே நிற்க மறுத்தது.

"எங்க கிளப்ல இதே மாதிரி ஒரு எடம் இருக்கு" என்றார். "அங்கயும் பந்து இப்படித்தான் ஒதுங்கும். இந்தப் பாறை மட்டும் இருக்காது."

"நீ இங்க வந்தியா, இல்ல உன் கிளப்பத் தூக்கிட்டு வந்துட்டியா?" என்றாள் டாக்டரம்மா. "காலைலேருந்து எங்க கிளப்ல, எங்க கிளப்லன்னு உயிர வாங்குற. கடலப் பாருடா. காசா பணமா?"

டாக்டருக்குச் சொத்தைப் பல்லில் ஐஸ் பட்டது போலக் கூசியது. அது சகலையின் வாக்கியம் அல்லவா? தன் வாயில் எப்படி முளைத்தது? அடுத்த இரண்டு குழிகளுக்கு உதட்டை இறுக்கிக்கொண்டு ஆடினார்.

ஐந்தாவது குழிக்கு வந்தார்கள். சப்பையான ஒரு புல்தரை. தண்ணீர் இல்லை. மரம் இல்லை. மேடு இல்லை. பின்னால் கார் நிறுத்துமிடம். டாக்டர் சின்னப் பிள்ளை மாதிரி குதித்தார். நின்று, குனிந்து, மண்டி போட்டுப் படமாக எடுத்துத் தள்ளினார். பின்னால் ஆட வந்தவர்கள் கையைத் தட்டிக் கத்தும்வரை எடுத்தார். ஒருவேளை எண் மாறியிருக்குமோ என்று பதினெட்டுக் குழிகளையும் நடந்து பார்த்தார். சகலை சொன்ன குழி எங்கேயும் இல்லை.

டீ குடிக்க உட்கார்ந்ததும் டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினார். சகலை, ஜட்ஜ், கல், தகடு. பிறகு சகலையின் குரலிலேயே அந்தக் குழியை நடித்துக் காட்டினார். அவள் சர்க்கரை கலக்குவதை நிறுத்தினாள்.

"பந்து மேட்டுல நின்னு யோசிக்குமா?"

"ஆமா. என்ன புளுகு பாரு."

"ரெண்டு மரம், ஒண்ணு மேல ஒண்ணு சாஞ்சுக்கிட்டு?"

"உனக்கெப்படித் தெரியும்?"

"நீதானடா சொன்ன! நம்ம பழைய பேட்ச் எல்லாம் கூடினோமே, அன்னிக்கு. உன் ஹோல்-இன்-ஒன் கதை. பந்து யோசிச்சுதுன்னு நீ சொன்னப்ப நான் சிரிச்சுட்டேன். ரெண்டு நாள் என்கூடப் பேசல நீ."

டாக்டருக்குப் புரையேறியது.

"உன் சகலைகிட்டயும் அளந்து விட்டிருப்பியே?"

விட்டிருந்தார். மாமனார் வீட்டில், சகலை புது மாப்பிள்ளையாக வந்திருந்த நேரம். கோல்ஃப் மட்டையை எந்த முனையில் பிடிப்பது என்றுகூடச் சகலைக்குத் தெரியாத காலம். சின்ன மாப்பிள்ளையை அசத்திவிட வேண்டும் என்று கொஞ்சம் தாராளமாகவே சொல்லியிருந்தார். சின்ன மாப்பிள்ளையும் கண்கொட்டாமல் கேட்டார்.

"அந்த மனுஷன் பொய் சொல்லலடா" என்றாள் டாக்டரம்மா. "பனில ஒண்ணும் பாத்திருக்க மாட்டார். ஊருக்குப் போய் நெனச்சுப் பாத்தா, மண்டைக்குள்ள இருந்த ஒரே நல்ல குழி உன்னோடது. அதயே இங்க பாத்ததா நம்பிட்டார். அப்படின்னா..." அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "உங்க கிளப் உன் குழிய இடிச்சுட்டு உன் குழியவே கட்டப்போகுது!"

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும்வரை சிரித்தாள்.

விமானத்தில் டாக்டருக்கு முதலில் குஷியாகத்தான் இருந்தது. சகலை ஒழிந்தார். கமிட்டி முன்னால் எழுந்து, 'அது என்னோட கதை' என்று ஒரே போடு. ஜட்ஜ் என்ன சொல்வார்? ஜட்ஜ், 'மேடா? நம்ம அஞ்சாவதுல ஏதுய்யா மேடு?' என்பார்.

டாக்டர் சீட் பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டார்.

மேடு கிடையாது. அவர்கள் ஐந்தாவது குழி பாய் விரித்தாற்போலத் தட்டை. மரம் ஒன்றே ஒன்று. அதுவும் நட்டுவைத்த கம்பம் மாதிரி நேராக நிற்கும். அன்றைக்கு நடந்தது இதுதான்: மட்டை பந்தின் உச்சந்தலையில் பட்டது. பந்து தரையோடு தரையாக ஓடி, குளத்தின் மேல் தவளை போல இரண்டு குதி குதித்து, கரைக்கல்லில் மோதித் திசைமாறி, குழிக்குள் போய் விழுந்தது. டாக்டர் அதைப் பார்க்கவே இல்லை. மானம் போச்சு என்று முகத்தைத் திருப்பியிருந்தார். பார்த்தது ஜட்ஜ் ஒருவர்தான். நல்லவேளையாக வயசின் புண்ணியத்தில் அவர் அதை மறந்திருந்தார். மேடு, மரம் என்று பேச்சை எடுத்தால் அவருக்குத் தவளை ஞாபகம் வந்துவிடும். அப்புறம் கல் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

கூட்டத்தில் டாக்டர் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். மனைவி தங்கையிடம் எதையோ உளறியிருந்தாள் போல. சகலை வந்ததும் வராததுமாக, "அண்ணே! மாநாடு அந்த ஊர்லயாமே! மைதானத்துக்குப் போனீங்களா?" என்றார்.

எல்லாத் தலைகளும் திரும்பின.

"போனேன்" என்றார் டாக்டர்.

"அஞ்சாவது குழி?" ஜட்ஜ் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "இவர் சொன்ன மாதிரியே இருக்கா?"

சட்டைப்பையில் செல்போன் கனத்தது. அதற்குள் கார் நிறுத்துமிடம் இருந்தது, சப்பைப் புல்தரை இருந்தது. சகலை குழந்தை மாதிரி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் பொய்யின் சாயல்கூட இல்லை. இல்லை என்று சொல்லலாம். சொன்னால் இந்த ஆள் விடமாட்டார். 'அப்ப நான் எங்கதான் பாத்தேன்?' என்று சபையிலேயே யோசிக்க ஆரம்பிப்பார். யோசித்தால் மாமனார் வீட்டுக்கு வந்து சேர்வார்.

"இருக்கு" என்றார் டாக்டர். பல்லைக் கடித்ததில் அவருக்கே தாடை வலித்தது. "அச்சு அசலா அப்படியே இருக்கு."

"பாத்தீங்களா!" என்று மேசையைத் தட்டினார் ஜட்ஜ். "அப்ப இடிச்சுரலாம். கை தூக்குங்க."

எல்லோரும் தூக்கினார்கள். டாக்டரும் தூக்கினார், வேறு வழி தெரியவில்லை. சகலை மட்டும் தூக்கவில்லை. எழுந்து நின்றார்.

"எனக்கு மனசு வரல சார். அது எங்க அண்ணன் ஹோல்-இன்-ஒன் அடிச்ச எடம். அங்க நேர்ல போய்ப் பாத்துட்டு வந்து, கிளப்புக்கு எது நல்லதுன்னு தன் குழிய இடிக்கத் தானே கை தூக்கறார் பாருங்க. இவர் மனசு யாருக்கு வரும்? ஆனா நாம அதத் தொடக்கூடாது. ஏழாவதுல கட்டுவோம். அங்க குப்பை மேடுதான் இருக்கு. பக்கத்துல ஒரு குட்டையும் வெட்டிக்கலாம்."

கைதட்டல் கிளம்பியது. ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சகலையைத் தோளோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். "உறவுன்னா இதுய்யா!" என்றார். போகிற போக்கில் டாக்டர் முதுகிலும் ஒரு தட்டுத் தட்டினார்.

கல் பிழைத்தது. தகடு பிழைத்தது. தவளை யார் ஞாபகத்துக்கும் வரவில்லை. வெளிநாடு போய் வந்து எதையெல்லாம் காப்பாற்ற நினைத்தாரோ அத்தனையும் மிஞ்சியது, சகலையின் தயவால். அன்று டாக்டர் இரண்டு மாத்திரை போட்டுக்கொண்டார்.

"அவரு எவ்வளவு விட்டுக்கொடுத்திருக்கார் உங்களுக்காக" என்றாள் மனைவி, தங்கையிடம் போனில் பேசி முடித்துவிட்டு வந்து. "நீங்க ஒரு வாய் நன்றிகூடச் சொல்லலியாமே?"

ஏழாவது குழியில் வேலை தொடங்கியது. குட்டை வெட்டினார்கள். எங்கிருந்தோ இரண்டு மரங்களை வேரோடு கொண்டுவந்து, ஒன்றன்மேல் ஒன்று சாய்த்து நட்டார்கள். யோசனை தந்தவர் பெயரைப் பொறிக்க ஒரு கல்லும் வந்து இறங்கியது. ஐந்தாவது குழிக் கல்லைவிடப் பெரியது. டாக்டர் நோயாளிகளைக் காக்க வைத்துவிட்டுத் தினமும் வந்து தள்ளி நின்று பார்த்தார். தான் எப்போதோ மாமனார் வீட்டுக் கூடத்தில் ஒரு சோபாவில் உட்கார்ந்தபடி வாயால் கட்டியது, இன்னொருவர் பெயரில் மண்ணிலிருந்து எழும்பிக்கொண்டிருந்தது.

மேட்டுக்கு மண் ஏற்றிய லாரி வந்தது.

"வலப்பக்கம் கொட்டுங்க" என்றார் சகலை.

டாக்டரால் அதற்குமேல் நிற்க முடியவில்லை. "இடப்பக்கம்!" என்று கத்திக்கொண்டே வந்தார்.

"வலதுதான் அண்ணே. நான் நின்னு பாத்தேனே."

"பனில என்னத்தப் பாத்தீங்க? நான் வெயில்ல பாத்தேன். மேடு இடப்பக்கம்தான். பந்து இடதுலேருந்துதான் இறங்கும்."

"இல்லண்ணே, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, வலது..."

"என் குழி எனக்குத் தெரியாதா?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று டாக்டருக்கு உறைத்தது. நல்லவேளை, லாரி இன்ஜின் சத்தத்தில் யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை.

"ரெண்டு பேரும் போயிட்டு வந்தவங்க" என்றார் ஜட்ஜ், நடுவில் நின்று. "நான் யார் சாட்சிய எடுத்துக்கறது?"

மேஸ்திரி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, "சார், எந்தப் பக்கம்னு சொல்லுங்க, லாரி போகணும்" என்றார்.

சகலை சிரித்தார். அந்தச் சிரிப்பில் ஒரு துளி வருத்தம் இருந்தால்கூட டாக்டர் பிழைத்திருப்பார். "அண்ணன் சொல்றபடியே கொட்டுங்க. பல்லு பாக்கற கண்ணு, அது தப்பாது."

"விட்டுக்கொடுக்க ஒரு மனசு வேணும்யா" என்றார் ஜட்ஜ், சகலையைப் பார்த்து.

மண் இடப்பக்கம் சரிந்தது. ஆட்கள் அதைக் குவித்துத் தட்டினார்கள். டாக்டர் குனிந்து, ஒரு கண்ணை மூடி, வாய்க்குள் பார்ப்பது போலக் கூர்ந்து பார்த்தார். சரியான இடம்தான். சரிவும் சரிதான். அவர் வயிறு பற்றி எரிந்தது.

"இன்னும் கொஞ்சம் ஏத்துங்க" என்றார் மேஸ்திரியிடம், யார் முகத்தையும் பார்க்காமல். "அங்க இத விட உயரம்."